உறை போட்ட கை

ஊர் உலகமெல்லாம் கையைக் கழுவு, கையைக் கழுவு என்று அடித்துக்கொள்ளும்போது, தயவு செய்து கழுவாதீர்கள் என்று கெஞ்சிச் சம்பளம் வாங்குகிறவள் நான். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் லேப் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கே சர்க்கரை பார்ப்பீர்களா, ரத்தம் எடுப்பீர்களா என்று கையை நீட்டிவிடுவார்கள். பந்தியில் உட்கார்ந்து யாருக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருப்பது?

திண்டுக்கல்லில் பைபாஸ் ரோட்டுப் பக்கம், கீழே டைல்ஸ் கடை, மேலே எங்கள் லேப். சோப்பு, ஹேண்ட்வாஷ், சானிடைசர் செய்கிற கம்பெனிகள் தங்கள் சரக்கை எங்களிடம் அனுப்பும். கொரோனா வந்து போன பிறகு இந்த வியாபாரத்தில் இறங்காதவன் பாக்கியில்லை. ஊதுபத்தி போட்டவன், ஷாம்பு போட்டவன், வெறும் தண்ணீர் பாட்டில் விற்றவன் எல்லோரும் ஆளுக்கொரு பாட்டிலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிருமியை அடியோடு ஒழிக்கும் என்று அதில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். அச்சடிப்பதற்கு என்ன, மை இருந்தால் போதும். ஒழிக்கிறதா இல்லையா என்று பார்ப்பது எங்கள் பாடு.

கண்ணாடிக் குழாயில் கிருமியைப் போட்டு அதன் தலையில் சானிடைசரை ஊற்றினால் எதுவும்தான் சாகும். மனிதக் கையில் அப்படியில்லை. கையில் இரண்டு வகைக் கிருமி உண்டு. பஸ் கம்பியிலும் ரூபாய் நோட்டிலும் இருந்து ஒட்டிக்கொண்டு வருகிறவை வழிப்போக்கர்கள். ஒழுங்காகச் சோப்புப் போட்டால் போய்விடுவார்கள். இன்னொரு வகை, தோல் மடிப்பிலும் நகக்கண்ணிலும் குடும்பத்தோடு குடியிருப்பவை. வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்கள். அவர்களைக் கிளப்புவது லேசில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர்கள் கை கழுவுகிற மருந்து சரியானதுதானா என்று பார்க்க, இந்தக் குடித்தனக்காரர்களைத்தான் எண்ண வேண்டும். அதற்கு நிஜமான மனிதர்களின் நிஜமான கை வேண்டும்.

அப்படிக் கை கொடுக்கச் சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுப்போம். டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அவர்களுக்குப் பத்தியம் உண்டு. கிருமி கொல்லும் சோப்பு ஆகாது, நாங்கள் கொடுக்கிற சாதா சோப்புதான். சானிடைசர் ஆகாது, மஞ்சள் அரைக்கக்கூடாது, வயலில் பூச்சிமருந்து அடிக்கக்கூடாது. குடித்தனக்காரர்கள் நிம்மதியாகப் பெருகட்டும் என்றுதான் இவ்வளவும்.

டெஸ்ட் அன்று அவர்களை உட்காரவைத்து, தொளதொளவென்ற ஒரு ரப்பர் உறையைக் கையில் மாட்டுவேன். அதற்குள் ஒரு திரவத்தை ஊற்றி மணிக்கட்டில் கட்டுப்போட்டுவிட்டு, வெளியிலிருந்து அந்தக் கையைப் பிடித்து ஒரு நிமிடம் பிசைய வேண்டும். உள்ளங்கை, ஒவ்வொரு விரல், விரலிடுக்கு, நகநுனி, ஒன்றையும் விடக்கூடாது. கையிலிருக்கும் கிருமி அந்தத் திரவத்துக்கு வந்துவிடும். அதை எடுத்துப் பிளேட்டில் பரப்பி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தால், மறுநாள் புள்ளி புள்ளியாக வளர்ந்து நிற்கும். எண்ணிக்கொள்ளலாம். முதலில் மருந்து போடாத கையில் இப்படி எண்ணுவோம். பிறகு மருந்து போட்டுக் கழுவவைத்து, இரண்டு கைக்கும் உறை மாட்டி, ஒரு கையை உடனேயும் இன்னொரு கையைச் சில மணி நேரம் கழித்தும் பிசைந்து பார்ப்போம். குடித்தனக்காரர்கள் திரும்பி வருகிறார்களா என்று தெரிய வேண்டுமே. அதுவரை ஆள் நாற்காலியை விட்டு நகரக்கூடாது. உறையைக் கழற்றக்கூடாது, எதையும் தொடக்கூடாது.

இந்த வேலையில் எங்கள் ஜனங்கள் செய்கிற தவறு ஒன்றே ஒன்றுதான். வேறெந்த ஊரிலும் இப்படிச் செய்வார்களா தெரியாது. வாரம் முழுக்கப் பத்தியம் இருந்துவிட்டு, டெஸ்ட் அன்று காலையில் கையைப் பளபளவென்று தேய்த்துக் கழுவிவிட்டு வந்து நிற்பார்கள். டாக்டரம்மா மாதிரி வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தியிடம் அழுக்குக் கையை நீட்டுவதாவது! சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, ஊசியால் நகக்கண்ணைச் சுத்தம் பண்ணி, சீயக்காய்த் தூள் போட்டுக் கழுவி, வழியில் எதையும் தொட்டுவிடாமல் கையை முந்தானையில் சுற்றிக்கொண்டே பஸ் ஏறி வந்தார். அவரைத் திட்டவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் சொல்ல வந்த மனிதரும் முதல் தடவை அப்படித்தான் வந்தார். அகரம் பக்கம் சம்பங்கி போட்டிருக்கிற விவசாயி. பூ மார்க்கெட்டில் ஒட்டியிருந்த எங்கள் நோட்டீஸைப் பார்த்து வந்தவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டியதுமே எலுமிச்சம்பழ வாசனை தூக்கியது.

“சோப்புப் போட்டீங்களா?” என்றேன்.

“ரெண்டு தடவ போட்டேங்க. எலுமிச்சம்பழமும் வச்சுத் தேச்சேன்,” என்றார் பெருமையாக.

“படிச்சுப் படிச்சுச் சொன்னோமா இல்லையா? ஒரு வாரம் இருந்த பத்தியத்தை ஒரு எலுமிச்சம்பழத்துல கெடுத்துட்டு வந்து நிக்கிறீங்களே. எந்திரிங்க. அடுத்த வாரம் வாங்க.”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கோபப்படவில்லை. எழுந்து நின்று, “அதுக்குன்னு ஒரு பொம்பளப் புள்ளைகிட்ட அழுக்குக் கைய எப்படிங்க மேடம் நீட்டுறது?” என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. முப்பத்தொன்பது வயதில் என்னைப் பொம்பளப் புள்ளை என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

அடுத்த வாரம் ஒழுங்காக வந்தார். காய்ப்பேறிய கை. ஆள்காட்டி விரலில் வெடிப்பு. உறைக்கு மேலாக அந்தக் கையைப் பிடித்துப் பிசைந்தபோது ஒன்றைக் கவனித்தேன். மற்றவர்கள் எல்லோரும் கையை விறைத்துக்கொள்வார்கள். ஒரு பெண் பிடிக்கிறாள் என்ற கூச்சம், அல்லது ஊசி போட்டுவிடுவாளோ என்ற பயம். அவர் கையை அப்படியே விட்டுவிட்டார். தூங்குகிற குழந்தையின் கை போல அது என் இரண்டு கைக்குள்ளும் கிடந்தது. என் கையில் ஒரு உறை, அவர் கையில் ஒரு உறை. நடுவில் கொஞ்சம் திரவம். அவ்வளவும் தாண்டி அந்தச் சூடு எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அவர் பிளேட்டைப் பார்த்தால், அடேயப்பா, வானத்து நட்சத்திரம் மாதிரிப் புள்ளி. எங்கள் டெஸ்டுக்குப் புள்ளி அதிகம் இருக்கிற கைதான் வேண்டும். குறைவாக இருந்தால் மருந்தின் வேலை தெரியாது. அதற்கடுத்த முறை வந்தபோது, “உங்க கை ரொம்ப நல்ல கைங்க. இம்புட்டுக் கிருமி இருக்குற கை கிடைக்கிறது கஷ்டம்,” என்றேன். மனிதருக்கு வெட்கம் வந்துவிட்டது. கிருமி அதிகம் என்று சொன்னதற்கு வெட்கப்பட்ட ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதன்பின் புதிய டெஸ்ட் எது வந்தாலும் முதலில் அவருக்குத்தான் சொல்லி அனுப்புவேன். ஒரு டெஸ்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அந்த விதி மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கதையொன்றுமில்லை. டவுனில் மாதா கோயில் மணியோசை கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து இறந்துபோனார். அண்ணன் கோயம்புத்தூரில் தன் குடும்பத்தோடு இருக்கிறான். நானும் அம்மாவும்தான். எனக்கு வரன் வராமலில்லை. வந்தது. ஒருத்தனுக்கு என் நிறம் பிடிக்கவில்லை, ஒருத்தனுக்கு நகை போதவில்லை, ஒருத்தனுக்கு என் வாய் ஆகவில்லை. கடைசியாக வந்தவன் கிருமியைத் தொட்டுச் செய்கிற வேலையை விட்டுவிடுவீர்களா என்று கேட்டான். உன்னைக் கட்டிக்கொள்வதற்குக் கிருமியே தேவலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அத்தோடு புரோக்கரும் வருவதை நிறுத்திக்கொண்டார். அப்போதெல்லாம் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வேலை இருந்தது, அம்மா இருந்தாள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை இருந்தது.

பகல் முழுக்க நான் மற்றவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். என் கையை யாரும் பிடித்ததில்லை. இது அந்தச் சம்பங்கிக்காரர் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உறை மாட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் பேச்சு. இரண்டு கையும் கட்டுண்டவர்களுக்கு எல்லாம் நாங்கள்தான் செய்ய வேண்டும். டீயில் குழாய் போட்டு வாயருகே பிடிப்போம். ஈ மொய்த்தால் விரட்டுவோம். ஒருநாள் அவர் மூக்கைச் சுளித்துச் சுளித்து எதையோ செய்துகொண்டிருந்தார்.

“என்ன செய்யுது?”

“ஒண்ணுமில்லைங்க.”

“சொல்லுங்க.”

“மூக்கு அரிக்குதுங்க மேடம். செத்த நேரத்துல போயிரும்.”

ஒரு பஞ்சுத் துணியை எடுத்து மூக்கைத் தேய்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, “அப்பாடா, புண்ணியமாப் போகும்,” என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா, “எனக்கும் அப்படியே முதுகுல செத்த சொறிஞ்சு விடு தாயி,” என்று சேர்ந்துகொண்டார்.

அவருக்கு மனைவி இறந்து பல வருஷமாகிவிட்டது. ஒரே மகள், பள்ளிக்கூடம் படிக்கிறாள். அவளுக்கு ரெட்டைச் சடை பின்னிவிட அவரேதான் கற்றுக்கொண்டாராம். முதலில் பின்னிய சடை ஒன்று மேலே ஒன்று கீழே போக, வாத்தியாரம்மா பார்த்துவிட்டு, இனி ஒற்றைச் சடையே போதும் என்று சொல்லி அனுப்பினார்களாம். சம்பங்கியை இருட்டோடு பறித்து மார்க்கெட்டில் போட்டுவிட்டு வந்து அவளுக்குச் சமைப்பாராம். “எனக்கு வெஞ்சனந்தான் வராதுங்க. புள்ள ஊறுகாயத் தொட்டுக்கிட்டே வளந்துருச்சு,” என்பார். நான் என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்பார். சொல்வேன். எப்படி வைப்பது என்று கேட்பார். அதையும் சொல்வேன். கையில்லாமல் உட்கார்ந்து ஒரு ஆண் புளிக்குழம்புக்குப் பக்குவம் கேட்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. அந்த வீட்டு அடுப்படி எப்படி இருக்கும், உப்பு டப்பா எந்தப் பக்கம் இருக்கும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அவர் வருகிற நாள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். “என்னடி, இன்னைக்குப் பவுடர் தூக்கலா இருக்கு. கிருமிக்கா இம்புட்டு?” என்பாள்.

“வேர்க்குதும்மா.”

“வேர்க்கும், வேர்க்கும்.”

நான் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. கல்யாணம், குடித்தனம் என்றெல்லாம் கனவு காணவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதெல்லாம் தூரத்தில் இருந்தது. கிட்டத்தில் இருந்த ஆசை ஒன்றுதான். அந்தக் கையை ஒரே ஒரு தடவை உறை இல்லாமல் பிடிக்க வேண்டும். டெஸ்ட் இல்லாமல், மணி பார்க்காமல், சும்மா. வேறு யாருக்காவது இது ஒரு ஆசையா என்று தோன்றலாம். எங்கள் ஊரில் ஒரு பெண் ஒரு ஆணின் கையைக் காரணமில்லாமல் பிடித்துவிட முடியுமா என்று யோசித்தால் புரியும்.

ஒருநாள் மருந்து போட்டு இரண்டு கைக்கும் உறை மாட்டி, ஒரு கையைப் பிசைந்து முடித்துவிட்டேன். அது மற்றக் கையைத் தொட்டுவிடாமலிருக்க அதற்கும் வேறு உறை மாட்டியிருந்தேன். இன்னொரு கைக்கு நேரமிருந்தது. அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது.

“நீங்களே எடுத்துக் காதுல வைங்க மேடம்,” என்றார்.

நான் எடுத்து அவர் காதோரம் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு அம்மாவின் குரல். ஸ்பீக்கரே வேண்டாம், அறை முழுக்கக் கேட்டது.

“அண்ணே, எங்க இருக்கீங்க? புள்ள பெரிய மனுசியாயிருச்சுண்ணே. எங்க வீட்டுல ஒக்கார வச்சிருக்கேன். அழுதுக்கிட்டே இருக்கு. வெரசா வாங்க.”

அவர் உறை போட்ட இரண்டு கையையும் எதிலும் படாமல் அந்தரத்தில் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கடகடவென்று இறங்கியது. துடைக்கக் கையில்லை. நான் பஞ்சுத் துணியை எடுத்து இரண்டு கன்னத்தையும் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வந்தது.

“அவ அம்மா இருந்திருந்தா புள்ள இப்படி அழுகுமாங்க மேடம்?” என்றார். பிறகு, “நான் எந்திரிச்சுப் போனா உங்க டெஸ்ட் கெட்டுப் போயிருமே,” என்றார்.

“கெட்டுட்டுப் போகுது. இந்த நேரத்துல டெஸ்டாம் டெஸ்ட். கிளம்புங்க,” என்று உறையை நானே உருவினேன். அவர் அவசரத்தில் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினார். என் கையில் அவர் உறை தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் வந்து, “ஒரு கை குறையுதேம்மா,” என்றார். வேறு ஒருவரை வைத்து முதலிலிருந்து செய்கிறேன் என்று சொன்னேன். மனதுக்குள் நானும் அவரோடு அகரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அழாதே கண்ணு, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்துத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்தார். எனக்குக் கையில் உறை. தட்டை மேசையில் வைத்தார்.

“புள்ளைக்குச் சடங்கு வச்சிருக்கேங்க. நீங்க அவசியம் வரணும்.”

“பாக்குறேன்.”

“பாக்குறேன்னு சொல்லக் கூடாது. உங்கள நம்பித்தான் வச்சிருக்கேன். நீங்க இல்லாம அந்த வீட்டுல காரியம் நடக்காது.”

இதை அவர் என் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னார். இந்தச் சொற்களை வீட்டுக்குக் கொண்டுபோய் நான் எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. எப்படிப் போட்டாலும் ஒரே அர்த்தம்தான் வந்தது. எனக்கு வேண்டிய அர்த்தம்.

சின்னாளப்பட்டிச் சுங்குடியில் மாம்பழ நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன். பெண்ணுக்கு ஒரு பாவாடை தாவணி. புறப்படும்போது அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“போறது சடங்கு வீடு. முகூர்த்த வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு ஜோடனை.”

“சும்மா இரும்மா.”

அம்மா பிறகு கேலி பண்ணவில்லை. வாசல்வரை வந்து, “அவங்க வேற, நாம வேற. அது ஒரு பக்கம் கெடக்கட்டும். மனுசன் நல்லவனான்னு மட்டும் பாத்துட்டு வா,” என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. தாடிக்கொம்பு வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வெறுங்கையாகப் போனேன். உறை மாட்டாத, மருந்து தேய்க்காத கை. லீவு நாளில் எல்லோருக்கும் கை அப்படித்தான் இருக்கும் என்பது அப்போது தோன்றவில்லை.

வீட்டு வாசலை அடைத்துப் பந்தல். மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் பந்தி வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார். “வாங்க, வாங்க. வந்துட்டீங்களா? இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு,” என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னை முன்வரிசைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். பெண் பட்டுச் சேலையில், தலை நிறையச் சம்பங்கியும் கனகாம்பரமுமாக உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கண். என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது.

மாமன் சீர் தட்டுத் தட்டாக வந்து இறங்கியது. சடங்கை நடத்திக்கொண்டிருந்த கிழவி, அவருக்குச் சித்தி முறை, சத்தமாகக் கேட்டாள்.

“மாமன் முறை முடிஞ்சுச்சு. அத்தை முறைக்கு யாருப்பா? யாரு வந்து சந்தனம் வைக்கிறது?”

அத்தை என்றால் அப்பாவோடு பிறந்தவள். அவர் ஒற்றைப் பிள்ளை. பங்காளி வீட்டுப் பெண்கள் வந்து வைத்திருக்கலாம். கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் அவர்கள் யாரும் வரவில்லை. கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். நான் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

“எனக்குக் கூடப்பொறந்த பொறப்பு இல்ல. இந்தா இருக்காங்கல்ல, இவங்கதான் என் தங்கச்சி. இவங்க வைக்கட்டும் எம்புள்ளைக்குச் சந்தனம்.”

மைக் செட் பாடிக்கொண்டுதான் இருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சித்திக்காரி பொட்டில்லாத என் நெற்றியையும் கழுத்தையும் பார்த்துவிட்டு, “வேதக்காரப் புள்ளையில்ல? கழுத்துல ஒண்ணையும் காணோமே,” என்று இழுத்தாள்.

“தங்கச்சின்னு சொல்லிட்டேன்ல சித்தி. அதுக்கு மேல என்ன வேணும்?” என்றார். கறாரான குரல். கிழவி சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய இடத்தை அவர் எனக்கு வைத்திருந்தார். சாதிசனம் அத்தனை பேர் முன்னால், என் மதத்தையும் பார்க்காமல், தாலியில்லாத கழுத்தையும் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார். நீங்கள் இல்லாமல் காரியம் நடக்காது என்று அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. இதற்கு யார்மேல் கோபப்படுவது? எனக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. எழுந்து போனேன். கிண்ணத்தில் விரலை விட்டுச் சந்தனத்தை எடுத்து அந்தப் பெண்ணின் இரண்டு கன்னத்திலும் தடவினேன். குங்குமம் வைத்தேன். பன்னீர் தெளித்தேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பெண் எட்டி என் காதில் சொன்னாள். “அத்தை, அப்பா உங்களப் பத்தி எப்பப் பாத்தாலும் பேசும்.”

“என்ன பேசும்?”

“புளிக்கொழம்பு நீங்க சொல்லித்தான வச்சுச்சு. நல்லாவே இல்ல.”

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு மட்டும் வந்திராவிட்டால் அன்று என் மானம் போயிருக்கும்.

சாப்பிட்டோம் என்று பேர் பண்ணிவிட்டுக் கிளம்பினேன். பஸ் நிறுத்தம்வரை அவர் கூடவே வந்தார். பின்னால் சித்திக்காரியும் இன்னும் சில பெண்களும் வழியனுப்ப வந்தார்கள். புளியமரத்தடியில் நின்றோம். வெயில் தாழ்ந்திருந்தது. அவர் சட்டென்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

வெறுங்கை. காய்ப்பும் வெடிப்புமாக, வியர்வை ஈரத்தோடு. உறைக்கு மேலாக நான் ஊகித்திருந்ததைவிடச் சொரசொரப்பாக இருந்தது, சூடாகவும் இருந்தது. இந்தக் கைக்காக ஏங்கிக் கிடந்தவள் நான். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பிடிக்குள்ளேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. சுற்றி நின்றவர்கள் யாரும் முகம் மாறவில்லை. ஒருத்தி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அதில் பார்க்க என்ன இருக்கிறது?

“நீ வரலைன்னா எம்புள்ள அத்தையில்லாத புள்ளையா நின்னுருக்கும் தாயி. இந்தக் கைய நான் மறக்க மாட்டேன்,” என்றார். அதுவரை நீங்க, மேடம் என்றுதான் பேசியிருந்தார்.

அவர் கண் கலங்கியிருந்தது. தானாகத் துடைத்துக்கொள்ள இப்போது கையிருந்தது. ஆனால் என் கையை விடவில்லை. ரோட்டின் வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் அது வராமல் போகக்கூடாதா என்று நினைத்தேன். வந்து நின்றுவிட்டது. கண்டக்டர் ஏறச்சொல்லி விசில் கொடுத்தார்.

“கைய விடுங்கண்ணே. பஸ் வந்துருச்சு,” என்றேன்.